மாப்பிள்ளையின் பாருக்கு ஒரு ஃப்ரிட்ஜ்

எங்கள் பக்கத்தில் பார் என்றால் கடலுக்கு அடியில் கிடக்கும் கல். அந்தக் கல்லைச் சுற்றித்தான் மீன் கூடும். பார் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் வலையையும் கிழித்துக்கொள்ள மாட்டான், வெறும் படகோடும் திரும்ப மாட்டான். அதனால், என் பெண்ணைக் கேட்டு வந்த தரகர், "மாப்ள கப்பல்ல இருக்காரும்மா, பார்ல வேல" என்று சொன்னபோது எனக்கு மேலே ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக் கடல் பாரெல்லாம் தெரிந்த பிள்ளை என்று நினைத்துக் கதவுக்குப் பின்னாலேயே தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் கல்யாணம் முடிவாகிவிட்டது.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடிப் பாவி, உன் மாப்ள மீன் புடிக்கறவருன்னா நெனச்ச? ஊத்திக் குடுக்கறவருடீ! சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு கப்பல்ல சாராயக் கடை கீது, அதுக்குப் பேரு பாரு!"

அன்றிலிருந்து யார் எந்தச் சொல்லைச் சொன்னாலும் அதை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறேன்.

மாப்பிள்ளை கெட்டவர் என்று சொல்லமாட்டேன். எட்டு மாதம் கப்பல், இரண்டு மாதம் வீடு. அந்தச் சம்பளத்தில்தான் லைட்ஹவுஸ் குப்பத்தில் கீழ் வீடு முழுசாகவும் மாடியில் பூச்சு வேலை பாக்கியாக ஓர் அறையும் எழும்பின. என் வீட்டுக்காரர் போன பிறகு நான் பெண்ணோடு வந்து சேர்ந்தேன். மாப்பிள்ளை லீவில் இருக்கும் நாட்களில் நான் சமையலறையை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. எங்களில் மாமியார் மருமகன் எதிரில் உட்காருவது கிடையாது, நேராகப் பேசுவதும் குறைவு. எனக்கு அது கஷ்டமாகவும் இல்லை. யாரிடமும் நேராகப் பேசிப் பழகாதவள் நான். பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "நைனாவுக்குச் சோறு போடட்டுமான்னு கேளு" என்பேன். அவரும் அவளிடமே, "கொஞ்சம் இருக்கட்டும்னு சொல்லு" என்பார். இப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது.

அவர் குடிப்பதில்லை என்பார். "ஊத்தறவன் குடிச்சா அன்னைக்கே சீட்டு கிழிஞ்சிடும்" என்று என் பெண்ணிடம் சொல்லுவார். அதை நான் நம்பியதில்லை. முப்பது வருடம் மீன் விற்றவள் நான். விற்ற மீனில் ஒன்றைக்கூடத் தின்னாமலா இருந்தேன்? ஒவ்வொரு லீவுக்கும் ஒரு பாட்டில் கொண்டுவருவார். ஐந்தாறு பாட்டில் மாடியில் இருக்கும். மூன்று உடைத்தது. கல்யாணம் காட்சிக்கு வந்த சிநேகிதர்களுக்கு உடைத்ததாம். இந்த லீவில் நான் ஒரு காரியம் செய்தேன். மாடியைப் பெருக்கப் போகும்போது, உடைத்த மூன்று பாட்டில்களிலும் தண்ணி நிற்கும் மட்டத்துக்கு நேராக வெளியே ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவைத்தேன். சிவப்பு ஒன்று, மெரூன் இரண்டு.

மாட்டுப் பொங்கலுக்கு வந்தவர். சித்திரை வெயில் மணலைக் காய்ச்சத் தொடங்கியும் போகவில்லை. பொட்டு ஒட்டிய இடத்திலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இறங்கியிருந்தால் குடிக்கிறார் என்று முடிவு செய்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவர் நடவடிக்கையும் நேராக இல்லை. காலையில் பல் விளக்கியதும், ஒரு வாய் சாப்பிடாமல், கலங்கரை விளக்கத்துப் பக்கம் இருக்கும் சோடாக் கடைக்குப் போவார். நான் தண்ணி பிடிக்கப் போகிற சாக்கில் இரண்டு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கடைக்கு முன்னால் நிற்கவில்லை. பின்பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் சட்டையைச் சரிசெய்துகொண்டு வந்தார். வெறும் வயிற்றில், விடிந்ததும், கடைக்குப் பின்னால் ஒரு ஆம்பளைக்கு என்ன வேலை என்று எனக்குத் தெரியாதா?

அதற்கு முன்னாலேயே பேனா விவகாரம் நடந்திருந்தது. ஒரு நாள் கீழே இருக்கும் ஃப்ரிட்ஜைத் துடைத்தபோது கறிவேப்பிலை டப்பாவுக்குப் பின்னால் ஒரு துணிப்பை இருந்தது. உள்ளே இரண்டு தடித்த பேனா. நீல மூடி, இங்கிலீஷில் பொடி எழுத்து. எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும், அஞ்சாவதோடு நின்றவள். பேனாவை யாராவது ஃப்ரிட்ஜில் வைப்பார்களா? பேத்தியின் விளையாட்டு என்று நினைத்து எடுத்து, அடுப்புக்கு மேலே பலகையில் ரேஷன் கார்டு வைக்கும் தகர டப்பாவில் பத்திரமாகப் போட்டேன். ரெண்டு நாள் கழித்து அவர் ஃப்ரிட்ஜைத் தலைகீழாகப் புரட்டினார். என்னிடம் கேட்கவில்லை. பேத்தியிடம்தான் கேட்டார். அவள் ஓடிவந்து தகர டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவர் பேனாக்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயந்திரம் என் பெண்ணிடம் சொன்னேன். "ஏண்டீ, உன் வூட்டுக்காரரு பேனாவ ஒளிச்சி வெக்கறாரு. மை காஞ்சிப் போச்சின்னு அழாத கொறையா உக்காந்துகிறாரு. யாருக்கு எழுதறாரு?"

அவள் சிரித்தாள். "இந்தக் காலத்துல யாரும்மா பேனாவால எழுதறா? அப்பிடி யாராச்சும் இருந்தா போன்லயே முடிச்சிக்குவாங்க." சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பேனா போன அந்த வாரமே அவர் மாடியில் பார் வைக்கப் போவதாகச் சொன்னார். பழைய படகுப் பலகையை அறுத்து மேடை போட்டார். உயரமான நாற்காலி ஒன்று வாங்கிவந்தார். "பாட்டில் வெக்கறதுக்குத் தனியா ஒரு ஃப்ரிட்ஜ் வேணும். சின்னதா, கண்ணாடிக் கதவு போட்டது" என்றார். என் பெண் கத்தினாள். வீட்டில் பொம்பளைப் பிள்ளை இருக்கிறது, ஊர் என்ன சொல்லும், கீழே இருக்கிற ஃப்ரிட்ஜில் வைத்தால் பாட்டில் கோவித்துக்கொள்ளுமா என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்தபடி, "மாடிக்கு யாரும் வர மாட்டாங்க, என் சாமான் என்கிட்ட இருக்கட்டும்" என்று அதையே சொன்னார்.

மறுநாள் விடிகாலையில் கம்பெனி வேனுக்குக் கிளம்பும்போது என் பெண் என்னைத் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் இழுத்தாள். காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. நாள் முழுவதும் நின்றே செய்கிற வேலை. சாயந்திரம் வரும்போது கால் தண்ணியில் ஊறின மீன் மாதிரி ஊதியிருக்கும்.

"அம்மா, அவரு இன்னைக்குப் பொன்னேரிக்கு ஃப்ரிட்ஜ் வாங்கப் போறாரு. நீ கூடப் போ."

"நானா? ஐயோ, அவரு கூடவா?"

"நான் போனா வாயே தொறக்க மாட்டாரு. நீ வந்தா நீ இருக்கியா இல்லியான்னே யாருக்கும் தெரியாது. ஒண்ணும் பேசாத. சும்மா பாரு."

"எதடீ பாக்கறது?"

"திங்கக்கெழமை நான் வேலைய விட்டுர்றேன்னு எழுதிக் குடுக்கணும்மா. புள்ள ஒண்ணாவது போறா, எனக்கும் நிக்க முடியல. அவரு கப்பலுக்குப் போனா விட்டுடலாம். போறதில்லன்னா எப்பிடி விடறது? கேட்டா 'கூப்புடுவாங்க, கூப்புடுவாங்க'ன்னு நாலு மாசமா அதே பதிலு. வூட்டுல பாரு கட்டற ஆளு கப்பலுக்குப் போற ஆளான்னு எனக்குத் தெரியணும். நீ மீன் பாக்கறவ. பாத்துட்டு வா."

அவர் வாயிலிருந்து வரும் பார் எனக்குப் புரியாது. அவள் சொன்ன பார் புரிந்தது.

பேத்தியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் பத்தடி தள்ளி நடந்தேன். "அத்தைக்கு எதுக்கு இந்த வெயில்ல" என்று காற்றைப் பார்த்துக் கேட்டார். "மிக்ஸி ஜார் ரிப்பேரு" என்று நானும் காற்றுக்குச் சொன்னேன். பையில் நிஜமாகவே ஜார் இருந்தது. பழவேற்காட்டில் பஸ் ஏறி அவர் முன்னால் உட்கார்ந்தார், நான் பொம்பளைகள் பக்கம். பின்னாலிருந்து கழுத்தைப் பார்த்தேன். இளைத்திருந்தது. சட்டைக் காலர் கழுத்தில் ஒட்டாமல் நின்றது. குடிக்கிற ஆளுக்கு முகம்தானே ஊதும், கழுத்து ஏன் இளைக்கிறது என்று யோசித்துக்கொண்டே பொன்னேரி வரைக்கும் போனேன்.

கடை பெரிய கடை. உள்ளே போனதும் ஏசி என் முட்டியைப் பிடித்தது. சீருடை போட்ட ஒரு பெண், என் பெண் வயசுதான் இருக்கும், "வாங்க சார், வாங்கம்மா" என்று முன்னால் நடந்தாள். நான் வாஷிங் மெஷின் வரிசை ஓரமாக ஒதுங்கி நின்றேன்.

அவள் முதலில் பெட்டி மாதிரி சின்னதாக ஒன்றைக் காட்டினாள். "மினி பார் சார். ஹோட்டல் ரூம்ல வெப்பாங்களே, அது. சத்தமே வராது. தூங்கும்போது பக்கத்துலயே வெச்சிக்கலாம்."

"அது நம்ம வெயிலுக்கு ஆவாதுங்க" என்றார் அவர். "அதுல கம்ப்ரஸர் இல்ல. வெளிய நாப்பது இருந்தா உள்ள இருவதுக்கு மேலதான் நிக்கும். கம்ப்ரஸர் வெச்சது காட்டுங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஒளித்துக் குடிக்கிறவன் சத்தம் இல்லாததைத்தானே எடுப்பான்? இவர் சத்தம் போடுகிறதைக் கேட்கிறார்.

அடுத்து இடுப்பு உயரத்தில் ஒன்று. கண்ணாடிக் கதவு, உள்ளே நீல விளக்கு, கம்பித் தட்டுகளில் கலர் கலராகக் காலி பாட்டில்கள். கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. அவர் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"கதவு கண்ணாடி இல்லாம இருக்குதா?"

"டிரிங்க்ஸுக்குன்னா கண்ணாடிதான் சார் எல்லாரும் கேப்பாங்க. பாட்டில் வெளிய தெரியணுமில்ல? பாருன்னா அதான அழகு?"

வீட்டில் கண்ணாடிக் கதவு என்று அடம் பிடித்தவர் இவர்தான். அதற்காகத்தான் என் பெண் அவ்வளவு கத்தினாள். இங்கே கண்ணாடி வேண்டாம் என்கிறார். என் நெஞ்சில் கணக்கு உதைத்தது. எதைக் காட்டுவதற்கு வாங்குகிறார், எதை மறைப்பதற்கு?

அவள் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒன்றுக்கு அழைத்துப்போனாள். அதிலும் நீல விளக்கு எரிந்தது. மீன் சந்தையில் சில பேர் கடைக்கு மேலே சிவப்புத் தார்ப்பாய் கட்டுவார்கள். அந்தச் சிவப்பு நிழலில் நேற்றைய மீனுக்கும் செவுள் சிவந்து தெரியும். விவரம் தெரிந்தவர்கள் மீனை வெளியே வெயிலுக்கு எடுத்துவந்து பார்த்துத்தான் வாங்குவார்கள். எனக்கு அந்த நீல விளக்கும் தார்ப்பாய் மாதிரியே பட்டது. வெட்கத்தை விட்டு அந்தப் பெண்ணின் காதோரம் போனேன்.

"அந்த லைட்ட அணைம்மா."

"லைட்டுதாம்மா இதுல அழகே!"

"அழக நாளைக்குப் பாத்துக்கலாம். அணை."

அணைத்தாள். கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் மூன்று பேர் முகம்தான் கறுப்பாகத் தெரிந்தது. அந்தக் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். பொன்னேரி வந்ததிலிருந்து இறுகிக் கிடந்த முகம் அப்போதுதான் தெளிந்தது. உள்ளே இருப்பது வெளியே தெரியாது என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

வந்ததுக்கு நானும் ஏதாவது செய்ய வேண்டாமா? கதவைத் திறந்து, பஸ் டிக்கெட்டை ரப்பர் விளிம்பில் வைத்து மூடி, இழுத்துப் பார்த்தேன். டிக்கெட் வரவில்லை. நாலு பக்கமும் இழுத்தேன். கீழ் மூலையில் மட்டும் லேசாக வழுக்கியது. ஐஸ் பெட்டி மூடியை நாங்கள் அப்படித்தான் பார்ப்போம், புடவைத் தலைப்பைக் கொடுத்து இழுப்போம். தலைப்பு வந்துவிட்டால் மத்தியானத்துக்குள் ஐஸ் தண்ணியாகிவிடும்.

"கீழ மூலையில காத்து போவுது" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "அத்த முப்பது வருஷம் ஐஸ் பெட்டி வெச்சி மீன் வித்தவங்க. அவங்க சொன்னா சரியா இருக்கும். இதே மாடல்ல வேற பீஸ் எடுங்க" என்றார். என்னை ஒருவர் அப்படிச் சொல்லிக் கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது. அதனாலேயே இன்னும் கொஞ்சம் சந்தேகப்பட்டேன்.

வேறு பெட்டி வந்தது. டிக்கெட் நாலு மூலையிலும் நின்றது. அதன் பிறகுதான் அவர் உண்மையான கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தார்.

"ரெண்டு டிகிரிக்குக் கீழ போவுமா?"

"ரெண்டுலேருந்து வெச்சிக்கலாம் சார்."

"அதுக்குக் கீழ போவவே கூடாது. உறைஞ்சிடக் கூடாது. எட்டுக்கு மேலயும் ஏறக் கூடாது. கரண்ட்டு போனா எவ்ளோ நேரம் எட்டுக்குள்ள நிக்கும்? எங்க பக்கம் காத்தடிச்சா நாலு மணி நேரம் அஞ்சு மணி நேரம் வராது."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கறவங்கதான் சார் இப்பிடிக் கேப்பாங்க. பீருக்கு யாரும் இவ்ளோ பாக்க மாட்டாங்க."

"பீரு சூடாச்சின்னா நல்லா இருக்காதுங்க" என்றார். காது மடல் சிவந்தது. "பூட்டு இருக்குதா?"

"இருக்கு சார். ரெண்டு சாவி."

இரண்டு சாவியையும் வாங்கி ஒரே பையில் போட்டுக்கொண்டார். நான் பார்த்தேன்.

பில் போடும் மேசையில் அவள் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "கம்ப்ரஸருக்குப் பத்து வருஷம் வாரண்டி சார். சர்வீஸ் ஆளு வந்தா வீட்டுல யாரு இருப்பாங்க? யாரு நம்பர் போடட்டும்?"

அவர் யோசிக்கவே இல்லை. "என் நம்பரே போடுங்க. நான்தான் இருப்பேன்."

பத்து வருடத்துக்கு அவர்தான் இருப்பாராம். இரண்டு மாத லீவில் வந்தவர்.

என் பெண் கேட்டதற்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. இனி இதைத் தூக்கிக்கொண்டு போய் அவளிடம் வைக்க வேண்டுமே.

கிளம்பும்போது அந்தப் பெண் இரண்டு தடவை சொன்னாள். "படுக்க வெச்சி எடுத்துட்டுப் போகாதீங்க. வீட்டுல எறக்கி, நாலு மணி நேரம் சும்மா நிக்க விட்டுட்டுத்தான் கரண்ட்டு குடுக்கணும். அவசரப்பட்டீங்கன்னா கம்ப்ரஸர் போயிடும்."

குட்டி யானை வண்டியில் ஃப்ரிட்ஜை நிற்கவைத்துக் கயிறு கட்டினார்கள். முன்னால் டிரைவர், நடுவில் அவர், ஜன்னலோரம் நான். இத்தனை வருடத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கதவோடு ஒட்டிக்கொண்டேன். பாதி வழியில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டி, "டீ சாப்புடலாமாண்ண?" என்றார்.

"எனக்கு வேணாம். நீங்க சாப்டு வாங்க."

மூன்று கரண்டி சர்க்கரை போட்டாலும் "கொஞ்சம் தூக்கலா" என்று பேத்தியிடம் சொல்லி அனுப்புகிற மனுஷன் இவர். யோசித்துப் பார்த்தால், இந்த லீவில் நான் அவருக்கு ஒரு டீக்கும் இரண்டாம் தடவை சர்க்கரை போட்டுக் கொடுத்த நினைவில்லை. கழுத்து இளைத்தது. சாப்பிடுவதற்கு முன்னால் கடைக்குப் பின்னால் போய்ச் சட்டையைச் சரிசெய்தது. மெடிக்கல் ஷாப். ஃப்ரிட்ஜுக்குள் இருந்த பேனா, அடுப்புச் சூட்டில் நான் போட்டுவைத்த பேனா. ஒவ்வொன்றாக வந்து என் மடியில் விழுந்தது.

என் வீட்டுக்காரருக்கும் சர்க்கரைதான். அவருக்கு ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குப்பியிலிருந்து ஊசியில் இழுத்துப் போடுவார்கள். பேனா எல்லாம் நான் கண்டதில்லை. முதலில் விரல் போனது, பிறகு கால். எல்லாம் என் பெண் பார்க்கத்தான் நடந்தது. அவள்தான் கட்டு மாற்றுவாள்.

டிரைவர் டீக்கடையில் நின்றார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டேன். நடுவில் பேத்தி இல்லை, யாரும் இல்லை. நேராகத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"மாப்ள… அந்தப் பேனா எழுதற பேனா இல்லியா?"

மேலே கட்டியிருந்த கயிறு காற்றில் தட்டிக்கொண்டிருந்தது.

"இல்ல அத்த" என்றார்.

"நான் அத அடுப்புக்கு மேல…"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? வுடுங்க. மருந்து கெட்டுப் போச்சி. அப்புறம் சோடாக் கடை ஃப்ரிட்ஜுல வெச்சிப் போட்டுக்கறேன். அந்த ஆளு, 'அண்ணே, யாருக்காச்சும் தெரிஞ்சா என்னைத்தான் கேப்பாங்க'ன்னு பயப்படறாரு. கப்பலுக்குப் போறதுக்கு முன்னாடி உடம்பு பாப்பாங்க. இந்தத் தடவ சக்கரை ரொம்ப இருக்குது, ஆவாதுன்னுட்டாங்க. பாருன்னு சொன்னா மாடிக்கு நீங்களும் வர மாட்டீங்க, அவளும் கோவத்துல வர மாட்டா. அதான். அவகிட்ட எப்பிடிச் சொல்றது? அவங்க நைனாவுக்கு நடந்ததப் பாத்தவ" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. இத்தனை நாள் ஒரு ஆளைக் கள்ளன் மாதிரி பின்னாலேயே போய்ப் பார்த்த வெட்கம்தான் வந்தது. அந்த வெட்கத்தோடே இன்னொரு சந்தேகமும் வந்தது. இவரை இப்படியே விட்டால் இவர் சொல்லப் போவதில்லை. திங்கட்கிழமை வந்துவிடும். அவள் காகிதத்தை எழுதிக் கொடுத்துவிடுவாள்.

டிரைவர் டம்ளரை வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தார். அவர் கதவைத் திறப்பதற்குள் சொல்லி முடித்தேன்.

"ஃப்ரிட்ஜு நாலு மணி நேரம் சும்மா நிக்கணுமாம். அதுக்குள்ள அவ வந்துடுவா. அது ஓடறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க. இல்லன்னா நான் சொல்லுவேன். அவ திங்கக்கெழம வேலைய விடப் போறா."

அவர் என்னை முழுசாகத் திரும்பிப் பார்த்தார். வேலையை விடப் போகிறாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவளும் அவரிடம் மறைத்துத்தான் வைத்திருக்கிறாள்.

இரண்டு மணிக்கு மாடியில் இறக்கினார்கள். படகுப் பலகை மேடைக்குப் பக்கத்தில் அது கறுப்பாக நின்றது. அவர் எதிரில் அந்த உயர நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கீழே வந்து இறால் உரித்தேன். மேலே காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம், பிளக்கைச் சொருகிவிட்டாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டேன். சொல்லாமலே ஓட்டிவிடுவார் என்றுதான் என் மனசு சொன்னது. சொருகவில்லை.

ஆறு மணிக்கு வேன் வந்தது. என் பெண் செருப்பைக் கழற்றாமலே சமையலறைக்கு வந்தாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"இன்னா?"

"மாடில உக்காந்துகிறாரு. உன்கிட்ட ஏதோ சொல்லணுமாம். நீ போ."

"நீ சொல்லேன்."

"நான் ஃப்ரிட்ஜுதான் பாத்தேன். நல்ல ஃப்ரிட்ஜு. போ."

அவள் போனாள். பேத்தியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். முதலில் அவர் குரல் மட்டும், கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி. பிறகு அவள் குரல் வீட்டையே தூக்கியது.

"எவ்ளோ நாளா? யோவ், எவ்ளோ நாளா? எங்க நைனா கால நான் கழுவுனவய்யா! என்கிட்டயா மறைப்ப? சாராயம்னு பொய் சொல்லி மருந்து போட்டுக்குற ஆளு ஊருல உன்ன வுட்டா யாருய்யா கீறான்?"

ஏதோ விழுந்தது. அது அந்த உயர நாற்காலி என்று மறுநாள் தெரிந்தது. அப்புறம் நீண்ட நேரம் சத்தமே இல்லை. சத்தம் இல்லாமல் போனதும்தான் எனக்குப் பயம் வந்தது. படிக்கட்டு வரைக்கும் போய் நின்றேன். அப்போது மேலேயிருந்து உறுமல் மாதிரி ஒன்று கேட்டது. கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்திருந்தது.

இறங்கி வந்த என் பெண்ணின் மூக்கு சிவந்திருந்தது. "ஏம்மா, நீ ரேஷன் டப்பால வெச்சது இன்சுலினு" என்றாள். பிறகு சிரித்தாள். பிறகு கால் வீக்கத்தோடு சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அதன் பிறகு மூன்று நாள் அவரோடு பேசவில்லை. என்னோடும்தான்.

திங்கட்கிழமை அவள் காகிதம் எழுதிக் கொடுக்கவில்லை. உட்கார்ந்து செய்கிற வேலையாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறாள், இன்னும் பதில் வரவில்லை. பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவருவது இப்போது அவர். சென்னைப் பக்கம் இரண்டு ஹோட்டலில் கேட்டுவைத்திருப்பதாகச் சொல்கிறார். கூப்பிடுவார்கள் என்கிறார். கூப்பிடுவார்கள் என்ற சொல்லை நான் இன்னும் திருப்பித்தான் பார்க்கிறேன்.

இரண்டாவது சாவி ரேஷன் டப்பாவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. மாடி ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டில் பேனா, கீழே அவருடைய பாட்டில்கள், நடுவில் என் மோர்ச் சொம்பு. அவர் எதிரில் நான் இன்னும் உட்காருவதில்லை. ஆனால் மோர் எடுக்க மாடிக்குப் போகிறேன்.

போன வாரம் போனபோது அவர் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளங்கையை நீட்டினார். சிவப்பு ஒன்று, மெரூன் இரண்டு. என் பொட்டுகள்.

"உள்ள ஈரத்துல நிக்கல அத்த. கழண்டு கெடந்துச்சி" என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துக் கொடுத்தார். "இதால கோடு போடுங்க. இது எழுதற பேனா."

நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன். ஆனாலும் பேனாவை வாங்கிக்கொண்டேன். அவர் பேத்தியைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம் போனதும், மூன்று பாட்டில்களையும் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கோடு போட்டேன்.